கிளை இல்லாத பச்சை

லீலாவுக்கு ஆப்ஸ்ட்ராக்ட் ஓவியம் என்றாலே பற்றிக்கொண்டு வரும். இலையை இலையாக வரையத் துப்பில்லாதவர்கள் சாயத்தை வாரி இறைத்துவிட்டு, அதற்கொரு பெரிய பெயர் வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்பது அவள் கட்சி. செங்காங் சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் நீர்வண்ண வகுப்பு எடுக்கிறாள். அங்கே யாராவது தாளில் நீலமும் சிவப்புமாக நாலு தீற்றுத் தீற்றிவிட்டு இதுதான் என் மனசு என்று காட்டினால், "மனசெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாங்க, இங்க கொய்யா மரம் வரையலாம்" என்பாள். ஐம்பதை நெருங்கியும் வாய் அடங்கவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள் என்றால் அவள் கைக்காகத்தான். பாசிர் ரிஸ் சதுப்புக் காட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கொசுக்கடியை வாங்கிக்கொண்டு, நாலு மணி நேரம் ஒரே வேரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வரைந்த மரத்தைப் பார்த்தே அது என்ன மரம், எத்தனை மணி வெயில், மழை பெய்து எத்தனை நாளாகிறது என்று சொல்லிவிடலாம்.

அப்படி அச்சடித்தாற்போல் வரைய அவளுக்கு ஒரு கட்டாயமும் இருந்தது. அதை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. அவளைவிடப் பதினோரு வயது இளையவனான தம்பி கபிலன், ஒன்பது ஆண்டுகளாகச் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தான். போதைப்பொருள் வழக்கு. செய்தானா என்றால் செய்தான். லீலா அதை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. பிடிபட்ட பொட்டலத்தின் எடை, தூக்குக்குச் சட்டம் சொன்ன எடையைத் தாண்டியிருந்தது. அவள் படங்களை அவனிடம் கொண்டுபோய்க் காட்ட வழியில்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் தான் வரைந்ததைக் கடிதத்தில் எழுதி அனுப்பினாள். இடது ஓரத்தில் மூன்று வேர்கள், நடுவேர் மட்டும் தண்ணீரில் முங்கியிருக்கிறது, தண்ணீர் தேத்தண்ணி நிறம். அவனும் விடாமல் பதில் எழுதிக் கேட்பான், இலைக்கு அடிப்பக்கம் என்ன கலர், நண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. வரைந்ததை எல்லாம் சொல்லால் சொல்ல வேண்டியிருந்ததால், சொல்ல முடியாத எதையும் லீலா தாளில் வைப்பதில்லை என்றாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அடுத்த வெள்ளி விடியற்காலை தண்டனை நிறைவேற்றப்படும் என்று இருந்தது. முறையீடுகள் எல்லாம் முடிந்துபோயிருந்தன, இப்படி ஒன்று வரும் என்று தெரியாமலும் இல்லை. ஆனாலும் லீலாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினாள். அவள் கணவர் அழகப்பன் பேருந்து ஓட்டுநர். கடிதத்தைப் படித்தார், மடித்தார், மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். ஒன்பது ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட மைத்துனனைப் பார்க்கப் போனதில்லை. லீலாவின் அம்மா நாகம்மா வழக்கு நடந்த இரண்டாம் வருடமே நொந்து செத்தார், அதற்குக் கபிலன்தான் காரணம் என்று அழகப்பன் முடிவு கட்டியிருந்தார்.

சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டு லீலா சிறைக்குப் போனாள். அந்த ஒரு வாரம் மட்டும் தினமும் பார்க்கலாம் என்றார்கள். குடும்பங்களிடம் பேசுவதற்கென்றே இருந்த அஸ்மத் என்ற அதிகாரி தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே விவரம் சொன்னார். புதன்கிழமை கபிலனைப் படம் எடுப்பார்கள். சிறை உடுப்பில் அல்ல, வீட்டார் கொண்டுவரும் புது உடுப்பில். படங்களைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குள் சட்டையும் கால்சட்டையும் வந்து சேர வேண்டும். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும் நாளை அறிவிப்பதுபோல் லீலாவின் காதில் அது விழுந்தது. சரி சரி என்று தலையாட்டினாள்.

கண்ணாடிக்கு அப்பால் கபிலன் வந்து உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். அழவில்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டான். பிறகு, ஒரு விஷயம் கேட்டால் சிரிக்கக்கூடாது என்றான்.

"உன் லெட்டர் எல்லாம் இருக்குக்கா. படிச்சா மரம் தெரியுது, இலை தெரியுது, நீ சொன்ன நண்டுகூடத் தெரியுது. ஆனா கலர் வரல. எல்லாம் வெள்ளையா இருக்கு, இங்க சுவரு மாதிரி. கண்ண மூடினா முன்னெல்லாம் பச்சை வரும். ரெண்டு வருஷமா வரல. ஒரு தடவ பாத்துட்டா போதும். அப்புறம் பரவால்ல."

 பக்கம் பக்கமாக எழுதினாளே, இலைக்கு எத்தனை நரம்பு என்றுகூட எழுதினாளே, எல்லாம் போய் வெள்ளைச் சுவரில் மோதியிருக்கிறது. "நான் காட்டுறேன்டா" என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வெளியே வந்ததும் அஸ்மத்தைப் பிடித்தாள். ஒரே ஒரு படத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து தூக்கிக் காட்டலாமா என்று கேட்டாள். முடியாது என்றார். அப்போதுதான் அவளுக்குச் சட்டை ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து உள்ளே போவது அந்த உடுப்பு மட்டும்தான். பூப்போட்ட சட்டை கொண்டுவரலாமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். கட்டம் போட்டது, பூப்போட்டது எல்லாம் சரி, எழுத்தும் படமும் இருக்கக்கூடாது, மேலதிகாரி பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும் என்றார் அவர். பூ போகும் என்றதை மட்டும் லீலா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பூ போகலாம் என்றால் இலை ஏன் போகாது?

ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா கடைத்தெருவுக்குப் போனாள். விடுமுறை நாளைக் கழிக்க வந்த வெளிநாட்டு ஊழியர்கள் பஃப்ளோ ரோடு முழுக்க நிறைந்திருந்தார்கள். நெய்னா முகம்மது கடையில்தான் அவள் குடும்பம் எப்போதும் துணி எடுக்கும். வெள்ளைப் பருத்திச் சட்டை வேண்டும் என்றதும் அவர் அளவு கேட்டார். லீலா விழித்தாள். ஒன்பது ஆண்டுகளாகத் தம்பியைக் கண்ணாடி வழியாக நெஞ்சுவரைதான் பார்த்திருக்கிறாள். அவன் தோள் எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மரத்தின் அளவு தெரிந்தவளுக்குத் தம்பியின் அளவு தெரியவில்லை. மீடியத்தில் ஒன்று, லார்ஜில் ஒன்று, இரண்டையும் கட்டச் சொன்னாள்.

"தம்பிக்கு என்னம்மா, கல்யாணமா?" என்று கேட்டார் நெய்னா முகம்மது.

"போட்டோ எடுக்குறாங்க அண்ணே."

போட்டோ என்றால் வெள்ளை எடுபடாது, நீலத்தில் நல்லதாக வந்திருக்கிறது, எடுத்துக்காட்டவா என்று அவர் ஏணியில் ஏறப்போனார். வேண்டாம் வேண்டாம் என்று பையை வாங்கிக்கொண்டு லீலா ஓட்டமும் நடையுமாக வெளியேறினாள். பிராஸ் பசாவில் ஓவியக் கடையில் துணிச்சாயம் வாங்கிக்கொண்டு, எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்வரை யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

எதை வரைவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. குவீன்ஸ்டவுனில் அவர்கள் வளர்ந்த அடுக்குமாடி புளோக்குக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அம்மா வேலைக்குப் போன பிற்பகல்களில் கைக்குழந்தைத் தம்பியை அதன் கீழே போட்டுத் தூங்கவைத்ததே லீலாதான். மீடியம் சட்டையை அட்டையில் இழுத்துக் குத்தி, முதுகுப்பக்கத்தில் ஆரம்பித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள். பட்டையின் வெடிப்பு, கிளையில் ஒட்டி வளரும் பெரணிச் செடி, சாயங்காலத்துக்கு முன் பாதி மூடிய இலைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிழல். வாழ்நாளில் அவள் இவ்வளவு நன்றாக ஒரு மரம் வரைந்ததில்லை. அது அவளுக்கே தெரிந்தது. இதைப் பார்த்துவிட்டு எவன் வேண்டாம் என்று சொல்வான் என்று திமிராகக்கூட நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை அஸ்மத் சட்டையைப் பிரித்து மேசைமேல் விரித்தார். காலர் பக்கத்தை விரலால் நீவிவிட்டார்.

"அழகா இருக்கு மேடம். சும்மா சொல்லல. ஆனா இத மேல காட்ட முடியாது."

லீலா வாதாடினாள். இது படம் இல்லை, இலை, பூப்போட்ட சட்டை மாதிரிதான், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று குரலை உயர்த்தினாள். அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அக்கா, கிளை இருக்கு."

லீலா குனிந்து பார்த்தாள். காலருக்குக் கீழே, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை, மரத்தின் பெருங்கிளை குறுக்கே ஓடியது. நேற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டு செய்தது அதைத்தான். வெள்ளிக்கிழமை தூக்கில் போடப்போகிறவனின் கழுத்துக்குப் பக்கத்தில், ஆளைத் தாங்கக்கூடிய ஒரு கிளையை அவள் கையாலேயே பார்த்துப் பார்த்து வரைந்து எடுத்துவந்திருக்கிறாள். மரத்தைப் பார்க்கிறவள் மரத்தை மட்டும்தான் பார்ப்பாள், கூட வேறு என்ன தெரியும் என்று யோசிக்கமாட்டாள் என்பது எவ்வளவு பெரிய குருட்டுத்தனம். சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். நாளைக்கு ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது என்று அஸ்மத் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

வெளியே சாலை நெடுக மரங்கள். இந்த ஊரில் மரமில்லாத சாலை ஏது? பேருந்து நிறுத்தத்தில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தபோது இலை தெரியவில்லை, பூ தெரியவில்லை. கிளைகள்தான் தெரிந்தன. எது உயரம், எது உறுதி, எது எவ்வளவு தாங்கும் என்று கண் தானாக அளந்தது.  முப்பது வருடம் சோறு போட்ட கண், ஒரு வார்த்தையில் இப்படி ஆகிவிட்டது. இனி ஒரு மரம் அவளால் வரைய முடியாது. அதைவிட, நாளைக்கு ஐந்து மணிக்குள் தம்பிக்குக் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை. நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் வாய்விட்டு அழுதாள்.

செங்காங் வீட்டுக்குப் போகாமல் குவீன்ஸ்டவுனுக்கு ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். மரம் அங்கேயே இருந்தது. அண்ணாந்து பார்க்கப் பயந்து அதன் தண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு, ஐம்பது வயதுப் பெண்மணி நடுப்பகலில் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். கைப்பையைத் தலைக்கு வைத்து அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள். சந்தைப் பையோடு போன சீனக் கிழவர் ஒருவர் நின்று, "ஆன்ட்டி, ஓகே ஆ?" என்று கேட்டார். ஓகே என்று படுத்தபடியே கையை ஆட்டினாள்.

கண்ணைத் திறந்தால் கிளை. மூடினால் இருட்டு. இரண்டும் வேண்டாமென்று இமைகளை மயிரிழை அளவு மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள். கிளை கரைந்தது. தண்டும் இலையும் கரைந்தன. பச்சை மட்டும் மிச்சமிருந்தது. ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் மஞ்சளாக இளகி, நடுநடுவே வெயில் பொத்துக்கொண்டு வர, மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைக்கு மரம் என்று என்ன தெரியும், கிளை என்று என்ன தெரியும்? இங்கே படுத்துக்கொண்டு கபிலன் பார்த்தது இதைத்தான். அவன் கேட்டதும் பச்சையை. மரத்தை அவன் கேட்கவே இல்லை. ஒன்பது வருடம் அவள்தான் மரம் மரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடி லார்ஜ் சட்டையைச் சமையலறைத் தரையில் விரித்தாள். தூரிகையைத் தொட்டதுதான் தாமதம், கை பழைய புத்தியைக் காட்டியது. பச்சை வைக்கப்போனால் இலையின் நுனி வந்து நின்றது, பக்கத்தில் ஒரு காம்பும் முளைத்தது. ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி இலை. இடது கைக்கு மாற்றினாள், அதுவும் அரைகுறையாக இலையே போட்டது. இதையெல்லாம் கேலி செய்த வாய்தானே, பேசு இப்போது என்று தன்னையே வைதாள். வகுப்பில் அவள் மூக்கை உடைத்து அனுப்பிய பிள்ளைகள் எவ்வளவு எளிதாகச் செய்தார்கள், அவளுக்குத்தான் துப்பில்லை. கடைசியில் தூரிகையைக் கழுவுத்தொட்டியில் எறிந்துவிட்டு, சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, உள்ளங்கையால் அள்ளித் துணியில் வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்கு இலை வரையத் தெரியாது. பச்சை பரவியது. மஞ்சளை அதன் ஓரத்தில் விட்டாள், தானாகப் போய்க் கலந்தது. அங்கங்கே வெள்ளைத் துணியைத் தொடாமல் விட்டாள். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எங்கும். நன்றாக வந்ததா கெட்டுப்போனதா என்று பார்க்கக்கூட அவளிடம் அளவுகோல் இல்லை. இதுவும் தோற்றால் இன்னொரு சட்டை கிடையாது, இன்னொரு நாளும் கிடையாது.

அழகப்பன் வேலை முடிந்து வந்தபோது சமையலறை வாசலில் நின்றுவிட்டார். முழங்கைவரை பச்சையாக மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். சாயம் காய்ந்ததும் உட்பக்கமாகத் தேய்க்க வேண்டும், சூடு பட்டால்தான் துணியில் பிடிக்கும், என் கையை நம்ப முடியாது, கருக்கிவிடுவேன் என்று அவரைப் பார்க்காமலே சொன்னாள்.  சட்டை காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, உட்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கையிலிருந்து ஆரம்பித்து அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். காலருக்கு வந்தபோது நின்றார்.

"அவன் இவ்ளோ பெருசாவா இருக்கான்?"

"தெரியலங்க."

காலரை இரண்டு முறை தேய்த்தார். முகத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். 

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அஸ்மத் கால்சட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்டையை மேசையில் விரித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். மரம் என்று சொன்னால் சட்டை திரும்பிவிடும். லீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் கையால் செய்த ஒன்றைக் காட்டி வாழ்நாளில் சொல்லாததைச் சொன்னாள்.

"ஒன்னுமில்ல சார். வெறும் கலர்."

பச்சை டிசைன் சட்டை ஒன்று என்று அவர் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை கடைசிச் சந்திப்பு. உள்ளே போவதற்கு முன் ஓர் உறையைக் கையில் கொடுத்தார்கள். லீலா உள்ளே இருந்த படத்தை உருவிப் பார்த்தாள். கபிலன் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் சாயம் மங்கி, பலமுறை துவைத்த மலிவுச் சட்டை மாதிரி தெரிந்தது. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஏதோ ஓர் அழுக்கு நிறம். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தாள். அவன் கேட்ட ஒரே ஒன்றையும் அவளால் கொடுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"சட்டை பெருசு லா அக்கா. மாமாவுதா?"

"புதுசுடா. அளவு தெரியல எனக்கு."

பெரியதாக இருந்ததே நல்லதாகப் போயிற்று என்றான் கபிலன். படம் எடுத்து முடித்ததும் கழற்றச் சொன்னார்களாம். பொத்தானை எல்லாம் யார் கழற்றுவது என்று அப்படியே தலைவழியாக இழுத்திருக்கிறான். பாதியில் மாட்டிக்கொண்டதாம். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"மேல லைட்டு எரிஞ்சுதுக்கா. உள்ள பச்சை. ஃபுல்லா பச்சை. ஒரு எடத்துல மஞ்சளா, நடுவுல ஓட்ட ஓட்டையா வெளிச்சம். நான் மூச்சு விட்டா ஆடுது. கை ரெண்டையும் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். அஸ்மத் சார் கூப்பிடல, வெயிட் பண்ணாரு."

 லீலாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மரம் தெரிஞ்சுதாடா?"

"மரம் எல்லாம் இல்லக்கா. நான் கீழ படுத்திருந்தேன்."

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவனும் வைத்தான். அவள் வருத்தப்படக்கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்குத் தலையில துணி போடுவாங்களாம். அப்ப கண்ண இறுக்கி மூடிக்கணும்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப மூடப்போறதில்ல."

"மூடாத" என்றாள் லீலா. "தொறந்தே வச்சிரு."

அவன் தலையை ஆட்டினான். சுவரில் இருந்த கடிகாரப்படி அவர்களுக்கு இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது.